மேல் மாடிக்காரி

ஜூன் 3, செவ்வாய்

டாக்டர் சொன்னார் என்பதற்காக இந்த நோட்டு. இவர் தினமும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு உள்ளே போனது, பிரஷர் எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டுமாம். எழுதுகிறேன். கூடவே என் வயிற்றெரிச்சலையும் எழுதுவேன். அந்தப் பக்கங்களை டாக்டர் படிக்காமல் விட்டால் போதும்.

காலை இட்லி இரண்டு. மதியம் ரசம் சாதம், கிண்ணம் முழுக்க. பூங்கோதை ஊட்டினாள். ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷமாகிறது. இவருக்கு வலது பக்கம் அசையாது, பேச்சு கிடையாது, ஒரு கவளம் விழுங்கவே ஒரு யுகம் ஆகும். நான் ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். வேலைக்காரி ஊட்டினால் வாயைத் திறக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குச் சமைத்துப் போட்டவள் நான். நல்ல நியாயம்!

ஊட்டும்போது அவள் வாய் ஓயாது. அவள் குடியிருப்பில் யார் யாரோடு தண்ணீர்ச் சண்டை போட்டார்கள், எவன் குடித்துவிட்டு மாடிப்படியில் உருண்டான் என்று எல்லாவற்றையும் இவர் காதில் ஓதுவாள். பாலம் கட்டின என்ஜினீயர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். பாதி முகம்தான் சிரிக்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது, எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சாயந்திரம் கமிட்டி மீட்டிங். நான் செயலாளர் என்பதால் போகாமல் இருக்க முடியாது. சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் டவரில் படம் எடுக்க வேண்டுமாம். இளமாறன் என்று ஒரு டைரக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், கதை சொன்னான். உலகம் அழிந்து ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம்தான் மிச்சம். மேல் மாடிக்காரர்களுக்குத் தண்ணீர், லிஃப்ட், சோறு எல்லாம் உண்டு. கீழ் மாடிக்காரர்களுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் கீழே இருக்கிறவர்கள் படியேறிப் போய் மேல் மாடிக் கதவை உடைக்கிறார்கள். தலைவர் ராமபத்ரன் இருபத்து மூன்றாவது மாடிக்காரர். "ரொம்ப சோஷியல் மெசேஜ் இருக்கு" என்று தலையாட்டினார். போன கோடையில் மேல் டேங்கின் வால்வைத் திருகி வைத்த மகானுபாவர்! நான் பதினோராவது மாடி. குழாயில் தண்ணீர் வராமல் மூன்று நாள் பக்கெட்டில் குளித்தேன்.

ஜூன் 5, வியாழன்

காலை தோசை ஒன்று. மதியம் பருப்பு சாதம், மிச்சமில்லை. பிரஷர் பரவாயில்லை.

சினிமாக்காரர்களுக்கு நிபந்தனை எழுதிக் கொடுத்தேன். கூட்டக் காட்சிக்கு வெளியிலிருந்து நூறு பேரைக் கூட்டி வருவார்களாம், அவர்கள் எங்கள் கிளப் ஹவுஸ் கழிப்பறைக்குப் போவார்களாம். அதெல்லாம் நடக்காது, கூட்டமாக நாங்களே நடிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். நடிகர்களுக்கு மட்டும் பாஸ், அதுவும் படப்பிடிப்பு நாட்களில் மட்டும். பாஸ் வைத்திருக்கிறவரை கேட்டில் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கலகலப்பு. எல்லோருக்கும் மேல் மாடி வேஷம்தான் வேண்டும். ஏழை வேஷத்துக்கு ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பொதுக்குழு. கார் நிறுத்தும் இடத்துக்காக எப்போதும் போல அடிதடி ஒன்றுதான் பாக்கி. ஒரு மூலையில் இளமாறன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து கை தட்டுகிறான்!

"இந்தக் கோபம்தான் சார் எனக்கு வேணும். இது நடிச்சு வராது. நீங்க எல்லாரும்தான் என் கீழ் மாடி."

ராமபத்ரன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகு இளமாறன் என் பக்கம் திரும்பினான். "மேடம், நீங்க கூட்டத்துக்கு முன்னாடி நிக்கணும். உங்க குரல் பதினஞ்சு மாடிக்குக் கேக்குது." பாராட்டாம்.

நான் அரக்கு காஞ்சிபுரம் கட்டிப் போயிருந்தேன். சும்மாதான் கட்டினேன். மேல் மாடிச் சீமாட்டி வேஷத்துக்கு ஐம்பது, அறுபது வயதில் ஆள் தேடுகிறார்கள் என்று உதவி டைரக்டர் ஸ்டெல்லா சொல்லியிருந்தாள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதியம் உச்சியில் இருக்கிற இருபத்து நாலாவது மாடி பென்ட்ஹவுஸில் யூனிட் ஆட்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டின் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். மரியாதைக்கு காபி கொடுத்துவிட்டு வா என்று பூங்கோதையிடம் பிளாஸ்க் கொடுத்து அனுப்பினேன். போனவள் போனவள்தான். இவருக்கு நாலு மணிப் பால் நேரம் தாண்டிவிட்டது. நானே மேலே போனேன். அந்த வெள்ளை சோபாவில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, என் பிளாஸ்க்கிலிருந்து அவள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஐந்தாறு பேர் நின்று பார்க்கிறார்கள். இளமாறன் போனில் படம் எடுக்கிறான்.

"எழுந்திரு" என்றேன்.

"இன்னாம்மா, அவுங்கதான் குந்த சொன்னாங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை!

"மேடம், இவங்கதான் என் மேல் மாடி அம்மா" என்றான் அவன். "பாருங்க, எதுக்கும் பயப்படாத முகம்."

பயம் இல்லைதான். அதைத்தானே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலை இட்லி ஒன்றரை. மதியம் தயிர் சாதம்.

நடிக்கப் போகக் கூடாது என்று பூங்கோதையிடம் சொன்னேன். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு கரெக்டா வந்து ஊட்டிட்டு போறேம்மா. நாலு நாள்தான். எம் பொண்ணு சினிமான்னதும் குதிக்கிறா" என்றாள். அவளுக்கு இங்கே என் வீட்டோடு சேர்த்து ஐந்து வீடு. மற்ற நாலு வீட்டுக்காரிகளும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். செல்ஃபி எடுத்துக்கொண்டார்களாம். நான் மட்டும் ஏன் கெட்டவளாக வேண்டும்? சரி என்றேன்.

ஜூன் 11, புதன்

இன்று முதல் நாள் படப்பிடிப்பு. லிஃப்டுக்காக நின்றேன். கதவு திறந்தது. உள்ளே பூங்கோதை. கருநீலப் பட்டு, கழுத்தில் கெம்பு அட்டிகை, பக்கத்தில் குடை பிடிக்க ஒருத்தன். வேலையாட்களுக்கு சர்வீஸ் லிஃப்ட் என்று எழுதி ஒட்டியதே நான்தான்.

"ஏறுங்கம்மா, எடம் கீது" என்றாள்.

அடுத்த லிஃப்டில் வந்தேன்.

கீழே எங்களுக்கெல்லாம் கிழிந்த துணி கொடுத்து, முகத்தில் கரி பூசினார்கள். ஏழாவது மாடி பல் டாக்டர், அவர்கள் அழுக்கு தன் சருமத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலிருந்து முல்தானி மட்டி கொண்டுவந்து பூசிக்கொண்டாள். ராமபத்ரன் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு, தன் டிரைவரை விட்டு போட்டோ எடுக்கச் சொன்னார். "எங்களுக்கும் லிஃப்ட்! எங்களுக்கும் தண்ணி!" என்று கத்தினோம். உண்மையைச் சொன்னால், கத்தியது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

மதியம் பூங்கோதை சரியான நேரத்துக்கு வந்து ஊட்டினாள். அதில் குறை சொல்ல முடியாது.

ஜூன் 12, வியாழன்

காலை பொங்கல், பாதி. மதியம் நேரத்துக்கு அவள் வரவில்லை. ஷாட் முடியவில்லையாம்.

நான் ஊட்டினேன். வழக்கம் போல் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தினால் வாய் திறக்கும். டாக்டர் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தது. திறந்தது. துப்பினார். சுவரெல்லாம் ரசம். "யாருக்காக இதெல்லாம் செய்கிறேன்?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் ஓடி வந்தாள். முழு மேக்கப், பட்டு, நகை, தலையில் ஒரு முழம் பூ. "மன்னிச்சுக்க சாரு, அந்தாளு வுடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே பட்டுப் புடவையோடு கட்டிலோரம் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்தாள். இவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இடது கையால் தொடையில் தட்டினார். சிரித்தார். அப்புறம் வாயைக் குவித்து "பூ" என்றார்.

"அம்மா! சாரு பேசுறாரும்மா! எம் பேர சொல்றாரும்மா!" என்று அவள் கத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர்.

அது வார்த்தை இல்லை. சத்தம். நெருப்பை ஊதினாலும் அந்தச் சத்தம்தான் வரும். டாக்டரிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. என் பெயர் தில்லைநாயகி, நீளமான பெயர், இவரால் முடியாது, அவ்வளவுதான்.

சாயந்திரம் போனில் கேட் ஆப்பைத் திறந்தேன், எங்கள் டவருக்கு வந்து போகிற வேலையாட்களின் பதிவெல்லாம் அதில்தான். தாமதமாக வந்ததற்கு ஒரு பாடம் வேண்டாமா? வேலையாளைப் பற்றிப் புகார் என்றால் ஆப் காரணம் கேட்கும். தாமதம், சுத்தமின்மை, மரியாதைக் குறைவு, திருட்டு. முதல் மூன்றுக்கு நட்சத்திரம் குறையும், அவ்வளவுதான். திருட்டு என்று போட்டால்தான் பெயர் சிவப்பாகும், கேட்டில் நிறுத்துவார்கள். ஒரே ஒரு நாள் நிற்கட்டும், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று அதைத் தொட்டேன். என்ன பொருள் என்று கேட்டது. வெள்ளிச் சந்தனக் கிண்ணம் என்று போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஏழு மணியிலிருந்து அவள் போன். நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"அம்மா, கேட்டுல வுட மாட்றான். செகப்பா காட்டுதாம். இன்னா விசயம்மா?"

"கமிட்டி விஷயம். எனக்குத் தெரியாது."

"சாருக்கு இட்லி ஊட்டணுமே?"

"நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். அரை இட்லி.

பத்து மணிக்கு எடுத்துவிடலாம் என்று ஆப்பைத் திறந்தால், என் புகாருக்குக் கீழே இன்னும் மூன்று! ஒன்பதாவது மாடிக்காரிக்குத் தோட்டின் திருகாணி காணோமாம், தீபாவளியிலிருந்து. பல் டாக்டருக்கு ஸ்பூன் குறைகிறதாம். ராமபத்ரன் வீட்டு அம்மாவுக்கு ஒரு பெர்ஃப்யூம் பாட்டில். நேற்று வரை செல்ஃபி எடுத்த கைகள்! ஒருத்தி திருடி என்றதும் எல்லோருக்கும் வீட்டில் எதுவோ தொலைந்துபோகிறது. "நல்ல வேளை செக்ரட்டரி மேடம் உஷார்" என்று குரூப்பில் பூங்கொத்து பூங்கொத்தாகப் போடுகிறார்கள்.

அவள் பெயர் சிவப்பாகவே இருக்கிறது. ஐந்து வீடும் மூடியாகிவிட்டது.

ஜூன் 14, சனி

காலை ஒன்றுமில்லை. மதியம் நாலு ஸ்பூன் கஞ்சி, அதில் இரண்டு வெளியே. சாயந்திரம் பால் கால் டம்ளர்.

ராமபத்ரனிடம் போனேன். புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன்.

"ஏன் மேடம், கிண்ணம் கிடைச்சிடுச்சா?"

கிண்ணம் பூஜை அலமாரியில், அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. "தெரியல, தேடணும்" என்றேன்.

"திருட்டுன்னு சிவப்பு விழுந்தா ஆறு மாசம் உள்ள வரக் கூடாது, அப்புறமும் கமிட்டி முழுசா ஒத்துக்கணும். போன வருஷம் நீங்கதானே மேடம் இந்த ரூலைக் கொண்டுவந்தீங்க? நான் கொஞ்சம் கடுமையா இருக்கேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்று இளித்தார். "நீங்க பொய்ப் புகார் குடுத்ததா எழுதிக் குடுத்தா ரத்து பண்ணலாம். அதுக்கும் நீங்களே ஒரு ரூல் போட்டிருக்கீங்க, பொய்ப் புகார் குடுத்தவங்க பொறுப்புல இருக்க முடியாது."

இந்த நாற்காலி மேல் அந்த ஆளுக்கு நாலு வருஷமாகக் கண். என் குடுமி கையில் சிக்கிவிட்டது என்று நினைக்கிறான். நடக்காது.

ஜூன் 15, ஞாயிறு

ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளை யூனிஃபார்ம், கையுறை. "அங்கிள், ஆ காட்டுங்க" என்கிறாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வேளையும் சேர்த்து ஒரு கிண்ணம்கூட இல்லை.

பூனாவிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். "அப்பா ஏம்மா இளைச்சுட்டார்? கன்னத்துல என்னம்மா அது, ரெண்டு பக்கமும் நீலமா?"

ஷேவிங் என்றேன்.

"பூங்கோதை அக்கா எங்கே? போனை அவங்ககிட்ட குடு."

சினிமாவில் நடிக்கப் போய்விட்டாள் என்றேன். அது பொய்யில்லையே.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக. சாதம் இல்லை.

டாக்டர் வந்து பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், கிள்ளின இடம் அப்படியே நின்றது. "ரெண்டு நாள் பார்க்கலாம்மா. வாயால எடுத்துக்கலைன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுடணும். முன்னாடி யார் குடுத்தாங்களோ அவங்களையே குடுக்கச் சொல்லுங்க, நல்லாத்தானே போயிட்டிருந்துது?" இந்த நோட்டையும் புரட்டினார், முதல் இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டார்.

பூங்கோதைக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருக்கிறாள். திமிர்.

இவரிடம் கேட்டேன். கெஞ்சிக்கூடக் கேட்டேன். "ஒரு வாய், எனக்காக." கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

கடைசிக் காட்சி எடுக்கிறார்கள். அவளை மாற்ற முடியாதாம், பாதிப் படம் அவளை வைத்து எடுத்தாகிவிட்டது. யூனிட் வேனில், நடிகர் பாஸோடு, செக்யூரிட்டி சல்யூட் அடிக்க, முன் கேட் வழியாகவே வந்தாள். வேலைக்காரியாக வந்தால் திருடி, நடிகையாக வந்தால் சல்யூட். கையெழுத்து என்னுடையது, யாரைச் சொல்ல?

ஏஜென்சிப் பெண்ணை இவரோடு விட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருந்திருப்பேன். ஆனால் அவள் வருகிறாள் என்று ஸ்டெல்லா சொன்னாள்.

இருபத்து நாலாவது மாடி. பென்ட்ஹவுஸ் வாசலில் கரி பூசிக்கொண்டு நாங்கள் நாற்பது பேர். நான் முதல் ஆள். கதவை அடிக்க வேண்டும், அவள் திறப்பாள், "எங்களுக்கும் தண்ணி குடுங்க, நாங்களும் மனுஷங்கதான்" என்று நான் கேட்க வேண்டும். அவளுக்கு வசனம் இல்லை. பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

அடித்தேன். திறந்தாள். அதே கருநீலப் பட்டு. முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"அவர் சாப்பிட மாட்டேங்கிறார்டி. நாலு நாளாச்சு. கையைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், ஒரு வாய் குடுத்துட்டுப் போயிடு" என்று வந்துவிட்டது. வசனம் மறந்துவிட்டது. கூட்டத்தில் தள்ளினார்கள், தடுமாறி முழங்காலில் விழுந்தேன்.

அவள் முகம் உடைந்தது. குனிந்தாள். "தண்ணியாவது குடிக்கிறாராம்மா?" என்று கேட்டாள்.

"கட்! கட்!" இளமாறன் ஓடிவந்தான். "மேடம், பின்னிட்டீங்க! இதையே வச்சுக்கலாம், எழுதினதைவிட இதுதான் நல்லாருக்கு. அக்கா, நீங்க பேசவே கூடாது. இரக்கம் வரக் கூடாது. பார்க்கறீங்க, சாத்தறீங்க. மேடம், இதே மாதிரி, இதே அழுகை, ஒன் மோர்!"

மறுபடி அடித்தேன். மறுபடி கேட்டேன். அவள் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். ஃபோகஸ் சரியில்லையாம், மறுபடி. சாத்தினாள். மைக் நிழல் விழுந்ததாம், மறுபடி. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் சாத்திக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ராமபத்ரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளிசரின் இல்லாமல் எப்படி மேடம் என்று ஸ்டெல்லா கேட்டாள். நடிப்புத்தான், வேறென்ன.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அவள் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தாள். போனேன்.

"வா, கீழே போகலாம். ஒரு கிண்ணம் குடுத்துட்டுப் போ."

"வரேம்மா. மொதல்ல குரூப்புல ஒரு வார்த்த போடுங்க."

"கிண்ணம் கிடைச்சிடுச்சுன்னு போடறேன். போதுமா?"

"கெடச்சிடுச்சுன்னா நான் பயந்துக்கினு திருப்பி வச்சேன்னு சொல்லுவாங்க. தொலையவே இல்ல, நான்தான் பொய் சொன்னேன்னு போடுங்க."

"என்னடி, மிரட்டறியா?"

"மிரட்டலம்மா." அவள் குரல் உயரவில்லை. "அஞ்சு வூடு போச்சு. எங்க பில்டிங்ல ஏழு மாடி ஏறி எறங்குறேன், ஒவ்வொரு மாடிலயும் ஒருத்தி கேக்கறா, இன்னா எடுத்தேன்னு. எம் பொண்ணு காலேஜுக்குப் போவாம குந்திக்கினு கீறா, வெக்கமா கீதாம். சாரு எனக்கு அப்பா மாரிம்மா. அவுரு துன்னலன்னு கேட்டதும் எனக்கு வவுறு எரியுது. ஆனா திருடின்ற பேரோட அந்த வூட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன். நீங்க போடுங்க, அடுத்த நிமிசம் ஓடியாறேன். கீழ வேன்ல குந்திக்கினு இருப்பேன். ஆறு மணிக்கு வண்டி எடுத்துடுவாங்க. இன்னியோட என் பாஸும் முடிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்தேன். கரியைக்கூடக் கழுவவில்லை. போனை எடுத்தேன்.

'அன்பான குடியிருப்போருக்கு, ஞாபக மறதியால்' என்று எழுதினேன். அழித்தேன். 'கிண்ணம் விஷயத்தில் சிறு குழப்பம்' என்று எழுதினேன். அது அவளுக்குப் போதாது, அழித்தேன். 'பூங்கோதை திருடவில்லை' என்று எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் வீடு. ராமபத்ரனும், அவர் பெண்டாட்டியும், அந்த முல்தானி மட்டிக்காரியும் படிப்பார்கள். லிஃப்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். இவர் கட்டிலில் இருந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதோ வருவா, கொஞ்சம் பொறுங்க" என்றுகூடச் சொன்னேன்.

ஆறு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது. பால்கனியிலிருந்து பார்த்தேன். எங்கள் மாடியில் எப்போதுமே சிக்னல் சரியாக இருப்பதில்லை.

ஜூன் 19, வியாழன்

தண்ணீர் மூன்று ஸ்பூன்.

ஜூன் 20, வெள்ளி

ட்யூப் போட்டாகிவிட்டது. நர்ஸ் வீட்டுக்கே வந்து போட்டாள். மூக்கு வழியாக நேரே வயிற்றுக்குப் போகிறது. முதல் தடவை பிடுங்கிவிட்டார், இரண்டாவது தடவையும். வேலை செய்கிற கை அது ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு என்ன வேகம்! கடைசியில் இடது கையைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டச் சொன்னாள் நர்ஸ். எல்லா வீட்டிலும் செய்வதுதானாம். இறுக்கமில்லாமல்தான் கட்டியிருக்கிறேன்.

மகளுக்கு டாக்டர் யோசனைப்படி என்று செய்தி போட்டேன். அவள் டிக்கெட் போடுகிறாளாம். வரட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

வேளைக்கு ஒரு டம்ளர் கஞ்சி, வடிகட்டி, ட்யூபில். சிந்தவில்லை, துப்பவில்லை. பிரஷர் நன்றாக இருக்கிறது. தோல் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை முதலிலேயே செய்திருக்கலாம், யார் தயவும் தேவைப்பட்டிருக்காது.

இளமாறன் போன் செய்தான். படத்திலேயே அந்தக் கதவுக் காட்சிதான் உச்சமாம், டைட்டிலில் என் பெயர் தனியாக வருமாம். குரூப்பில் போட்டேன். நூறு பேருக்கு மேல் வாழ்த்து.

மதியம் ஏஜென்சிப் பெண் வந்து மணி அடித்தாள். பூங்கோதை வருகிற நேரம் அது. மணி கேட்டதும் இவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பி வாயைத் திறந்தார். பெரிதாக, தொண்டை தெரிய. அந்தப் பெண் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, கஞ்சியை வடிகட்டிக்கொண்டு வரும் வரைக்கும் திறந்தபடியே இருந்தார்.

இனி அதெல்லாம் வேண்டாம், மூடிக்கொள்ளுங்கள் என்றேன். மூடவில்லை. தாடையில் கை வைத்து நானே மூடினேன்.